இங்கிலாந்துல காசு கொடுத்து ஏமாந்துட்டீங்களா? ஸ்மால் கிளெய்ம் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க

2024 ஜனவரில ஸ்லவ்ல இருக்கற எங்க வீட்டு கிச்சனை மாத்த ஒருத்தர்கிட்ட வேலை கொடுத்தோம். மொத்தம் 7,000 பவுண்ட்னு பேச்சு, அட்வான்ஸ் 4,200. கோவில்ல பழக்கமானவங்க சொல்லி வந்தவர், நம்ம ஊர்க்காரர் வேற, அதனால எதையும் எழுதி வாங்கிக்கல. ரெண்டே நாள்ல பழைய கிச்சனை இடிச்சு அள்ளிட்டுப் போனாரு, அதோட சரி, ஆள் வரவே இல்ல. குழந்தைக்குப் பால் காய்ச்ச பெட்ரூம்ல இண்டக்‌ஷன் ஸ்டவ் வெச்சுக்கிட்டு மூணு மாசம் ஓட்டினோம். அந்தப் பணம் திரும்ப வந்தது 2025 ஜூலைல. நடுவுல நான் பண்ண தப்புகளால மட்டும் ரெண்டரை மாசமும் முந்நூறு பவுண்டுக்கு மேலயும் வீணாப் போச்சு, அது உங்களுக்கு நடக்கக் கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

நான் சொல்றது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்துல இருக்கறவங்களுக்கு முறையே வேற. 10,000 பவுண்ட் வரைக்கும் உள்ள பண விவகாரம்தான் ஸ்மால் கிளெய்ம்ஸ்ல, அதாவது கவுன்ட்டி கோர்ட்ல சின்னத் தொகை வழக்குக்குன்னு இருக்கற முறைல வரும், அதுக்கு வக்கீல் தேவையில்ல. ஃபீஸ் தொகை அப்பப்ப மாறும், நான் கட்டின கணக்கைத்தான் கீழ போட்டிருக்கேன், நீங்க கட்டற அன்னைக்கு கோர்ட் ஃபீஸ் பட்டியல் இருக்கற இஎக்ஸ்50ங்கற லீஃப்லெட்டை ஒரு தடவை பாத்துக்குங்க.

1. கோர்ட்டைத் தவிர வேற வழி இருக்கான்னு முதல்ல பாருங்க

கிரெடிட் கார்டுல ஒரு பகுதியாவது கட்டியிருந்தீங்கன்னா, பொருளோ வேலையோ 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் இருந்தா, கன்ஸ்யூமர் கிரெடிட் ஆக்ட் செக்‌ஷன் 75னு சொல்லி கார்டு கம்பெனிகிட்டயே முழுத் தொகையையும் கேக்கலாம். டெபிட் கார்டுன்னா சார்ஜ்பேக், அதாவது பேங்க் மூலமா பணத்தைத் திரும்ப எடுக்கறது, கேட்டுப் பாருங்க, அதுக்கு நாள் கணக்கு குறைவு, உடனே கேக்கணும். பேங்கோ இன்சூரன்ஸ் கம்பெனியோதான் எதிராளின்னா முதல்ல அவங்ககிட்டயே கம்ப்ளைன்ட், 8 வாரத்துல சரியான பதில் இல்லன்னா இந்த மாதிரி புகாரை விசாரிக்கற ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன், அதுக்குக் காசு கிடையாது. வாடகை வீட்டு டெபாசிட் தகராறுன்னா அந்த டெபாசிட் ஸ்கீம்லயே இலவசமா தீர்த்து வைப்பாங்க. நான் பேங்க் டிரான்ஸ்ஃபர்ல அனுப்பினதால இதுல ஒண்ணும் எனக்கு உதவல.

இன்னொரு வழியும் இருக்கு, பெரியவங்களை வெச்சுப் பேசி முடிக்கறது. எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்க, "கோர்ட்டு கேஸுன்னு போகாதீங்க தம்பி, நான் பேசறேன்"னு. அவங்க நல்ல மனசோடதான் சொன்னாங்க, நானும் மரியாதைக்காகக் காத்திருந்தேன், ஆனா ஒவ்வொரு வாரமும் "அடுத்த வாரம் தரேன்"ங்கற பேச்சைத் தவிர ஒண்ணும் வரல. பேச வைங்க, ஆனா ஒரு தேதி வெச்சுக்கிட்டுப் பேச வைங்க, அந்தப் பேச்சுல என்ன முடிவாச்சுங்கறதை அன்னைக்கே வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பிடுங்க. ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட கேஸுக்கு 6 வருஷ கெடு இருக்கு, அதுக்குள்ள போடணும். கெடு நீளமா இருக்குன்னு அசட்டையா இருக்காதீங்க, ஆள் வீடு மாறிட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்.

2. யார் மேல போடுறோம்ங்கறதை உறுதி பண்ணுங்க

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். வேன்ல ஒரு பேரு, இன்வாய்ஸ்ல அதே பேரு, நான் அதை ஒரு கம்பெனின்னு நினைச்சு அந்தப் பேருலயே கிளெய்ம் போட்டுட்டேன். அப்படி ஒரு கம்பெனியே கிடையாதுன்னு அவரு டிஃபென்ஸ்ல, அதாவது கோர்ட்டுக்குக் கொடுத்த எதிர்ப் பதில்ல, எழுதினாரு. அவரு வெறும் சோல் டிரேடர், அதாவது அவரோட சொந்தப் பேருலதான் போட்டிருக்கணும். பேரை மாத்த என்244 ஃபார்ம்ல தனியா விண்ணப்பம், அதுக்குத் தனி ஃபீஸ், அந்த ஃபீஸ் கடைசிவரைக்கும் எனக்குத் திரும்பக் கிடைக்கல, தப்பு என்னோடதுங்கறதால.

நீங்க செய்ய வேண்டியது சின்ன வேலைதான். கம்பெனிகளைப் பதிவு பண்ற கம்பெனீஸ் ஹவுஸ் வெப்சைட்ல பேரைத் தேடுங்க, காசு கிடையாது. பேரு முடிவுல லிமிடெட்னு இருந்து அங்க பதிவும் இருந்தா கம்பெனி மேல, ரிஜிஸ்டர்ட் ஆபீஸ் அட்ரஸுக்கு. அது டிசால்வ்டுன்னு, அதாவது கம்பெனியைக் கலைச்சாச்சுன்னு, காட்டினா பணம் கட்டாதீங்க, நின்னு யோசிங்க. கம்பெனி இல்லன்னா ஆளோட முழுப் பேரு, கூட "டிரேடிங் ஆஸ்"னு போட்டு கடைப் பேரு. அட்ரஸும் முக்கியம், அவரு மாறிப் போயிட்டாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சும் பழைய வீட்டுக்கு அனுப்பினீங்கன்னா, பின்னாடி வந்து எனக்குக் கடுதாசியே வரலன்னு சொல்லி ஜட்ஜ்மென்டை ரத்து பண்ண வாய்ப்பு இருக்கு.

அதோட அந்த ஆள்கிட்ட பணம் இருக்கான்னும் பாருங்க. ஜட்ஜ்மென்ட் ரிஜிஸ்டரைத் தேடற டிரஸ்ட் ஆன்லைன் வெப்சைட்ல சின்னத் தொகை கட்டினா ஏற்கனவே அவரு மேல சிசிஜே, அதாவது கவுன்ட்டி கோர்ட் ஜட்ஜ்மென்ட், இருக்கான்னு தெரியும். நாலஞ்சு பழைய ஜட்ஜ்மென்ட் கட்டாம கிடக்குன்னா நீங்க ஜெயிச்சாலும் அந்த வரிசையில இன்னொரு ஆளா நிக்க வேண்டியதுதான். திவாலான ஆள் மேல கேஸ் போட்டு கோர்ட் ஃபீஸையும் சேர்த்து இழக்காதீங்க, இதை ரொம்ப அழுத்தமா சொல்றேன்.

3. பேப்பர் சேருங்க, தமிழ்ல இருக்கறதையும் சேருங்க

பேங்க் ஸ்டேட்மென்ட், இன்வாய்ஸ், கோட்டேஷன், தேதியோட ஃபோட்டோ, ஈமெயில், வாட்ஸ்அப் எல்லாம் ஒரு ஃபோல்டர்ல தேதி வரிசையா. எழுத்துல அக்ரிமென்ட் இல்லன்னு பயந்துடாதீங்க, வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், ஆனா என்ன பேசினோம்னு காட்ட ஏதாவது வேணும். எனக்குக் கைகொடுத்தது "4200 வந்துடுச்சு அண்ணா, திங்கக்கிழமை ஆரம்பிக்கலாம்"ங்கற ஒரே ஒரு மெசேஜ்.

நம்ம ஆளுங்களுக்குள்ள நடக்கற விவகாரத்துல பாதி மெசேஜ் தமிழ்ல இருக்கும், மீதி வாய்ஸ் நோட். ஜட்ஜுக்கு அது புரியாது. ஒவ்வொண்ணையும் அப்படியே எழுதி, பக்கத்துல இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, யாரு மொழிபெயர்த்தாங்கன்னு பேரு, கையெழுத்து, தேதி. நீங்களே பண்ணா எதிராளி சண்டைக்கு வருவாரு, கேஸுல சம்பந்தம் இல்லாத ஒருத்தரை வெச்சுப் பண்ணுங்க. போனை மாத்தினா சாட் போயிடும், இன்னைக்கே எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சுக்குங்க.

மீதி வேலையை முடிக்க எவ்வளவு ஆகும்னு வேற ரெண்டு பேர்கிட்ட கோட்டேஷனும் வாங்குங்க. இது எக்ஸ்பெர்ட் ரிப்போர்ட் இல்ல, அப்படி ஒண்ணு வேணும்னா கோர்ட் அனுமதி வாங்கணும், ஆனா சாதாரண வேலைக்கு கோட்டேஷனே போதுமானதா இருந்துச்சு.

4. லெட்டர் பிஃபோர் கிளெய்ம் அனுப்புங்க

இதை அனுப்பாம நேரா கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜ் அதை உங்களுக்கு எதிரா எடுத்துக்கலாம். ஒரு பக்கம் போதும்: என்ன ஒப்பந்தம், எப்போ எவ்வளவு கொடுத்தீங்க, என்ன நடக்கல, எவ்வளவு கேக்கறீங்க, அந்தத் தொகை எப்படி வந்துச்சு, எந்தத் தேதிக்குள்ள. சாதாரண விவகாரத்துக்கு 14 நாள் கொடுத்தா போதும். நீங்க பிசினஸா இருந்து தனி ஆள்கிட்ட கடன் கேக்கறீங்கன்னா மட்டும் 30 நாள் கொடுக்கணும், அதுக்கு வேற ஃபார்ம்கள் உண்டு. வீட்டு வேலைன்னா 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட்படி ஒழுங்கான கவனத்தோட, நியாயமான காலத்துக்குள்ள வேலையை முடிக்கணும்னு ஒரு வரி சேருங்க. மீடியேஷனுக்கு, அதாவது நடுவுல ஒருத்தரை வெச்சுப் பேசி முடிக்கறதுக்கு, தயார்னும் எழுதுங்க.

கோவத்தை எழுதாதீங்க. போலீசுக்குப் போவேன், ஊர்ல சொல்லிடுவேன்னு மிரட்டி எழுதினீங்கன்னா ஒரு வருஷம் கழிச்சு அதே கடுதாசி ஜட்ஜ் மேசை மேல கிடக்கும். போஸ்ட் ஆபீஸ்ல ப்ரூஃப் ஆஃப் போஸ்டிங் இலவசம், வாங்கி வெச்சுக்குங்க, ஈமெயில்லயும் அனுப்புங்க.

5. எவ்வளவு கேக்கறது, எவ்வளவு செலவாகும்

நான் கொடுத்தது 4,200, இடிச்ச வேலைக்கு 400 கழிச்சு 3,800 கேட்டேன். செஞ்ச வேலைக்குக் கழிச்சது நல்லதாப் போச்சு, பேராசைப்படலன்னு ஜட்ஜுக்குத் தெரிஞ்சுது. அதோட வருஷத்துக்கு 8% வட்டி, கவுன்ட்டி கோர்ட்ஸ் ஆக்ட் 1984 செக்‌ஷன் 69படி. 3,800க்கு ஒரு நாளைக்கு 83 பென்ஸ். இதை கிளெய்ம்லயே கேக்கணும், பின்னாடி ஞாபகம் வந்து கேட்டா கிடைக்கறது கஷ்டம்.

கிளெய்ம் போடற ஃபீஸ்: 300 வரைக்கும் 35 பவுண்ட், 500 வரைக்கும் 50, 1,000 வரைக்கும் 70, 1,500 வரைக்கும் 80, 3,000 வரைக்கும் 115, 5,000 வரைக்கும் 205, 10,000 வரைக்கும் 455. ஹியரிங்குக்குத் தனியா: 300 வரைக்கும் 27, 500 வரைக்கும் 59, 1,000 வரைக்கும் 85, 1,500 வரைக்கும் 123, 3,000 வரைக்கும் 181, அதுக்கு மேல 346. எனக்கு 205ம் 346ம் சேர்த்து 551 ஆச்சு. ஜெயிச்சா எதிராளி தரணும், ஆனா முன்பணமா கட்டறது நீங்கதான்.

இதுல ஒரு குழி இருக்கு. ஃபீஸ் கணக்கு வட்டியையும் சேர்த்துத்தான். 4,950 கேட்டு அதோட ரெண்டு மாச வட்டியைச் சேர்த்தா 5,000ஐத் தாண்டிடும், ஃபீஸ் 205ல இருந்து 455க்குப் போயிடும். கொஞ்சம் வட்டியை விட்டுக்கொடுத்தா 250 பவுண்ட் முன்பணம் குறையும். அதே மாதிரி 10,400 வர வேண்டியிருந்தா அந்த 400ஐ விட்டுடறது நல்லதுன்னு நான் சொல்வேன், ஏன்னா 10,000ஐத் தாண்டினா ஃபாஸ்ட் டிராக்னு அடுத்த நிலை வழக்கு முறை, அங்க தோத்தவங்க ஜெயிச்சவங்களோட வக்கீல் செலவையும் கட்டணும்.

ஸ்மால் கிளெய்ம்ஸ்ல அந்த பயம் பெரும்பாலும் கிடையாது, யாராவது நியாயமே இல்லாம நடந்துக்கிட்டாத்தான் செலவு போடுவாங்க. ஆனா அதே விதி உங்களுக்கும்தான், நீங்க வக்கீல் வெச்சா அவரு ஃபீஸ் உங்க பாக்கெட்ல இருந்து, ஜெயிச்சாலும் ஏறக்குறைய ஒண்ணும் திரும்பாது. 4,000 பவுண்ட் கேஸுக்கு 2,000 வக்கீலுக்குக் கொடுத்தவங்களைப் பாத்திருக்கேன். சந்தேகம் இருந்தா சிட்டிசன்ஸ் அட்வைஸ்ங்கற இலவச ஆலோசனை அமைப்புல கேளுங்க, இல்ல கடுதாசியை மட்டும் பாத்துக் கொடுக்க ஒரு மணி நேரத்துக்கு வக்கீலைப் பிடிங்க. வருமானம் குறைவுன்னாலோ சில பெனிஃபிட் வாங்கறீங்கன்னாலோ ஹெல்ப் வித் ஃபீஸ்னு ஒண்ணு இருக்கு, ஃபீஸைக் குறைப்பாங்க இல்ல முழுசாவே விட்டுடுவாங்க. கட்டறதுக்கு முன்னாடியே அதுக்கு விண்ணப்பிச்சு ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்க.

6. கிளெய்ம் போடுறது

கவ் டாட் யூகேங்கற அரசாங்க வெப்சைட்ல ஆன்லைனா போடலாம், இல்ல என்1 ஃபார்ம் பேப்பர்ல. ஃபீஸ் ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஆன்லைன் வேகம். என்ன நடந்துச்சுன்னு எழுதற இடத்துல கதை சொல்லாதீங்க, நம்பர் போட்டு சின்னச் சின்ன பாராவா தேதியோட எழுதுங்க. கடைசில எழுதினதெல்லாம் உண்மைன்னு சொல்ற ஸ்டேட்மென்ட் ஆஃப் ட்ரூத்ல கையெழுத்து போடறீங்க, தெரிஞ்சே பொய் எழுதினா கோர்ட் அவமதிப்பு நடவடிக்கை வரைக்கும் போகும், அதனால நிச்சயமில்லாத தேதிக்கு "ஏறக்குறைய"ன்னு போடுங்க.

7. அவரோட பதிலுக்குக் காத்திருக்கறது

கிளெய்ம் கைக்குப் போனதா கணக்கு வெச்ச நாள்ல இருந்து 14 நாள், கிளெய்ம் கிடைச்சுதுன்னு அவரு அக்னாலெட்ஜ்மென்ட் மட்டும் அனுப்பினா 28 நாள். பதிலே வரலன்னா உடனே டிஃபால்ட் ஜட்ஜ்மென்ட், அதாவது அவரு பதில் போடாததால உங்க பக்கம் தீர்ப்பு, கேளுங்க. கோர்ட் தானா போட்டுக் கொடுக்காது, நீங்க கேக்கணும், 6 மாசம் சும்மா இருந்தா கேஸ் அப்படியே நின்னு போயிடும். கேலண்டர்ல அலாரம் வெச்சுக்குங்க. சில பேரு கவுன்ட்டர் கிளெய்ம் போடுவாங்க, நீதான் எனக்குத் தரணும்னு. அதுக்கும் கெடுவுக்குள்ள பதில் போட்டாகணும்.

டிஃபென்ஸ் வந்தா என்180ங்கற கேள்வித்தாள் வரும். சாட்சி எத்தனை பேர், எந்தத் தேதில வர முடியாது, இன்டர்ப்ரெட்டர் வேணுமா எல்லாம் அதுல கேப்பாங்க. அம்மாவோ மனைவியோ சாட்சி, இங்கிலீஷ் தடுமாறும்னா தமிழ் இன்டர்ப்ரெட்டர்னு அங்கயே எழுதுங்க, யாரு ஏற்பாடு பண்றது, செலவு யாருதுன்னும் அப்பவே கோர்ட்ல கேட்டுடுங்க. ஊருக்குப் போற தேதியையும் மறக்காம எழுதுங்க, டிக்கெட் எடுத்த பிறகு ஹியரிங் தேதி வந்தா மாத்தறது பெரிய பாடு. எதிராளி தனி ஆளுன்னா கேஸ் பொதுவா அவரு ஊர் கோர்ட்டுக்குத்தான் போகும், அதுக்கும் தயாரா இருங்க.

8. மீடியேஷன்

2024 மே 22ல இருந்து போட்ட பண கிளெய்ம்கள்ல இது கட்டாயம். இலவசம், போன்லதான், ஒரு மணி நேரம். எதிராளியோட நீங்க நேரா பேச மாட்டீங்க, மீடியேட்டர் மாத்தி மாத்திப் பேசுவாரு. அங்க பேசினது ஜட்ஜுக்குப் போகாது. அந்த நேரத்துக்கு போனை எடுக்கலன்னா உங்க கிளெய்மையே தள்ளுபடி பண்ணலாம், லீவு போட்டு அமைதியான அறைல உக்காருங்க.

போறதுக்கு முந்தின நாளே வீட்ல உக்காந்து பேசி மூணு விஷயத்தை எழுதி வெச்சுக்குங்க, கேக்கற தொகை, குறைஞ்சபட்சம் எவ்வளவு வந்தா ஒத்துக்கலாம், எத்தனை நாள்ல. நான் இதை எழுதாமப் போனேன், அவரு 1,000ல ஆரம்பிச்சு 1,500 வரைக்கும் வந்தாரு, நான் கோவத்துல 3,800ல இருந்து இறங்கவே இல்ல. இன்னைக்கு யோசிச்சா 14 நாள்ல 2,800 தரேன்னு வந்திருந்தா வாங்கியிருக்கணும்னு தோணுது, ஹியரிங் ஃபீஸ் 346 மிச்சம், எட்டு மாச அலைச்சல் மிச்சம். தவணைக்கு ஒத்துக்கிட்டா ஒரு தவணை தவறினாலும் மொத்தமும் உடனே தரணும்னு சேர்க்கச் சொல்லுங்க. போன்ல ஒத்துக்கிட்டதும் அது ரெண்டு பேரையும் கட்டுப்படுத்தும், அப்புறம் மனசு மாற முடியாது.

9. ஹியரிங்

மீடியேஷன்ல முடிவு வரலன்னா கோர்ட்ல இருந்து ஆர்டர் வரும். அதுல ரெண்டு தேதி இருக்கும், ரெண்டையும் சிவப்பு பேனால வட்டம் போடுங்க. ஒண்ணு ஹியரிங் ஃபீஸ் கட்டற கடைசி நாள், தவறினா கேஸ் தள்ளுபடி. இன்னொண்ணு பேப்பரெல்லாம் கோர்ட்டுக்கும் எதிராளிக்கும் அனுப்பற நாள், பொதுவா ஹியரிங்குக்கு 14 நாள் முன்னாடி. பக்கத்துக்கு நம்பர் போட்டு, முன்னாடி ஒரு இன்டெக்ஸ் வெச்சு ஒரே பிடிஎஃப்பா பண்ணுங்க. நான் கிளெய்ம் போட்டது 2024 ஜூன், ஹியரிங் நடந்தது 2025 மே, கிட்டத்தட்ட ஒரு வருஷம்.

சாட்சி வாக்குமூலம் பத்தி ஒண்ணு. என் மனைவிதான் அந்த ரெண்டு நாளும் வீட்ல இருந்தவங்க. நான் இங்கிலீஷ்ல எழுதி அவங்க கையெழுத்து போட்டாங்க. ஹியரிங்ல ஜட்ஜ் அவங்களைப் பாத்து இதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாரு, அவங்களுக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. தமிழ்ல அவங்க சொன்னதை அப்படியே தமிழ்ல எழுதி, அவங்க அதுல கையெழுத்து போட்டு, மொழிபெயர்ப்பைத் தனியா இணைச்சிருக்கணும். நீங்க அப்படியே பண்ணுங்க.

நாங்க போனது சினிமால பாக்கற கோர்ட் மாதிரி இல்ல. ஒரு சின்ன அறை, மேசை, டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ், கருப்பு கோட்டும் விக்கும் கிடையாது. "ஜட்ஜ்"னு கூப்பிட்டா போதும். அவரு கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, எதிராளி பேசறப்போ குறுக்க பேசாதீங்க, பொய் சொன்னா எந்தப் பக்கத்துல அதுக்கு ஆதாரம் இருக்குன்னு குறிச்சு வெச்சு உங்க முறை வர்றப்போ சொல்லுங்க. எக்ஸ்ட்ரா வேலை செஞ்சேன்னு அவரு சொன்னப்போ நான் 14ம் பக்கத்து ஃபோட்டோவைக் காட்டினேன், அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. பேசக் கூச்சமா இருந்தா நண்பரைக் கூட்டிட்டுப் போய் உங்களுக்காகப் பேச வைக்கலாம், ஆனா நீங்களும் அங்க இருக்கணும்.

எனக்குக் கிடைச்சது 3,400, வட்டி, ஃபீஸ் 551, ஒரு நாள் சம்பளத்துக்கு 95 (உச்சவரம்பே அவ்வளவுதான்), பஸ், ட்ரெயின் செலவு. மன உளைச்சலுக்கு ஒரு பென்னி கிடையாது. தீர்ப்பு பிடிக்கலன்னா அப்பீலுக்கு 21 நாள், அனுமதி வேணும், ஜட்ஜ் சட்டத்துலயோ முறையிலயோ தப்பு பண்ணியிருந்தாத்தான் பிரயோஜனம்.

10. ஜெயிச்ச பிறகு பணத்தை வாங்கறது

கோர்ட் பணத்தை வாங்கித் தராது. இதை யாரும் எனக்குச் சொல்லல, 14 நாள் கெடு முடிஞ்சு பேங்க் அக்கவுன்ட்டைப் பாத்துட்டே இருந்தேன். ஜட்ஜ்மென்ட் வந்து ஒரு மாசத்துக்குள்ள முழுசா கட்டிட்டா ஜட்ஜ்மென்ட் ரிஜிஸ்டர்ல இருந்து அவரு பேரு போயிடும், இல்லன்னா 6 வருஷம் நிக்கும், வீட்டு லோன் வாங்க நினைக்கறவருக்கு இது பெரிய பயம். முதல்ல இதைச் சொல்லி ஒரு மரியாதையான ஈமெயில் போடுங்க, சில பேரு இதுக்கே கட்டிடுவாங்க.

கட்டலன்னா அவருகிட்ட என்ன இருக்குங்கறதைப் பொறுத்து வழி மாறும். வேலைல இருக்கறவர்னா சம்பளத்துல பிடிக்க அட்டாச்மென்ட் ஆஃப் ஏர்னிங்ஸ், சொந்த வீடு இருந்தா அந்த வீட்டு மேல கடனை ஏத்தற சார்ஜிங் ஆர்டர், பேங்க்ல பணம் இருக்குன்னு தெரிஞ்சா அதுல இருந்தே எடுக்கற தேர்ட் பார்ட்டி டெட் ஆர்டர். என்ன இருக்குன்னே தெரியலன்னா என்316 ஃபார்ம் போட்டு அவரை கோர்ட்டுக்கு வரவழைச்சு சத்தியத்துல கேக்க வைக்கலாம். 5,000 வரைக்கும் கவுன்ட்டி கோர்ட் பெய்லிஃபை, அதாவது கோர்ட்டோட வசூல் ஆளை, அனுப்பலாம். நான் எடுத்தது வேற வழி: 600 பவுண்ட் இல்ல அதுக்கு மேல இருந்தா என்293ஏ ஃபார்ம்ல தீர்ப்புப் பணத்தை வசூல் பண்ற ஹைகோர்ட் என்ஃபோர்ஸ்மென்ட் ஆபீசருக்கு மாத்தலாம், அவங்க ஃபீஸை எதிராளி மேலயே சேர்ப்பாங்க, பணம் கிடைக்கலன்னா மட்டும் நீங்க அவங்களுக்கு ஒரு சின்னத் தொகை கட்டணும். 5,000க்குக் கீழ உள்ள ஜட்ஜ்மென்ட்டுக்கு கவுன்ட்டி கோர்ட்ல வட்டி ஓடாது, ஹைகோர்ட்டுக்கு மாத்தினா ஓட ஆரம்பிக்கும். மொதல்ல நோட்டீஸ் போச்சு, அவரு அசையல. ஆபீசர் வாசல்ல வந்து வேனைப் பாத்து எழுதிக்கிட்டு நின்ன அன்னைக்கு சாயங்காலமே முழுத் தொகையையும் கட்டிட்டாரு.

பணம் வந்ததும் அக்கவுன்ட்ல ஏறிடுச்சான்னு பாத்துட்டு, கோர்ட்டுக்கும் என்ஃபோர்ஸ்மென்ட் ஆபீசுக்கும் அன்னைக்கே எழுத்துல தெரிவிச்சுடுங்க. பேப்பரைத் தூக்கிப் போடாதீங்க, எங்க ஃபோல்டர் இன்னும் பீரோல இருக்கு.